ஊசி ஆகாத வீடு

"ஆத்தா வந்து குந்திக்கினு இருக்கச்சொல்ல ஊசி குத்துவியாடி? புள்ளைக்குக் கண்ணு போச்சின்னா இன்னா பண்ணுவ?"

வேப்பிலை கட்டிய வாசலை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள் சாலம்மாள். மருமகள் விஜயலட்சுமி அவள் காலில் விழுந்தும் பார்த்துவிட்டாள். கிழவி மசியவில்லை.

உள்ளே பாயில் சந்தியா கிடந்தாள். இத்தனூண்டு வயசில் சக்கரை வியாதியா என்று ஊரே வாயைப் பிளந்த பிள்ளை. இப்போது உடம்பெல்லாம் அம்மை முத்து.

தினமும் இன்சுலின் போட்டால்தான் அவளுக்கு உயிர். அந்த பாட்டிலை ஈர மணல் பானைக்குள் புதைத்து, கண்ணைப்போலக் காத்து வந்தாள் விஜயலட்சுமி. அம்மை கண்ட அன்றே மாமியார் அதைப் பானையோடு எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள்.

அது போதாதென்று, சூடு தணியட்டும் என்று இளநீர் வேறு, செம்பு செம்பாக.

பிள்ளை வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்துபோய், ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாயில் கனிந்த பழ வாசனை.

ஆத்தா வாசனையாம். கன்னத்தில் போட்டுக்கொண்டாள் சாலம்மாள்.

அடிப்பாவி! காய்ச்சல் கீய்ச்சல் வந்தாலும் ஊசியை நிறுத்தாதே, பழ வாசனை அடித்தால் உயிருக்கே ஆபத்து என்று கள்ளக்குறிச்சி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவரிடம் போகவும் வழியில்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். வடக்கனந்தல் ரோடு நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். புருஷன் அரங்கநாதனும் கோடாலியோடு அங்கேதான் நின்றான். பஸ் இல்லை, வண்டி இல்லை. அந்தப் பானைதான் கதி.

விஜயலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

வாசல் வேப்பிலையைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு அவள் போட்ட கூச்சலில், பக்கத்து வீட்டுப் பெண்கள் கற்பூரத்தோடு ஓடிவந்தார்கள்.

கல்யாணமாகி வந்த நாளாக மாமியார் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள், "ஏ சாலம்மா!" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எம் புள்ளைக்கி ஊசி எங்கடி? ஊசி போடாம நான் மலையேற மாட்டேன்டி!"

சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியே குப்புற விழுந்தாள். மருமகளிடம் மறைத்ததை ஆத்தாளிடம் மறைக்க முடியுமா?

"தாயே, ஊசிக்கு நான் எங்க போவேன்? அம்ம பூந்த வூட்ல மருந்து ஆவாதுன்னு அன்னிக்கே பானையோட கெணத்துல போட்டுட்டனே!"

விஜயலட்சுமி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு வேப்பங்கொத்து கிழவியின் முதுகில் இறங்கியது. ஒருதரம் இல்லை. பிடிக்க வந்த பெண்கள் பயந்து விலகிக்கொண்டார்கள்.

"எழுந்திர்றி! தூக்குடி புள்ளய! மரம் கெடந்தா ஏறித் தாண்டு. உம் புள்ளையே மறிச்சாலும் நிக்காத. கள்ளக்குறிச்சி வரைக்கும் நீதான்டி சொமக்கணும்!"

சாலம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே தலைவிரி கோலமாக விஜயலட்சுமி ஓடினாள்.

பானை கிணற்றுக்குப் போன சேதி காதில் விழும்வரை அவள் நடித்துக்கொண்டுதான் இருந்தாள்.