வழுக்காத ஷூ

"லேஸ் வெச்ச ஷூ வேண்டாங்க. சைக்கிள் செயின்ல மாட்டிக்கும்."

"அப்போ இதைப் பாருங்கம்மா, பட்டையை இழுத்து ஒட்டறது" என்று கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்தார்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த நாத்தனார் உச்சுக் கொட்டினாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். ஒரு வீட்டில் பால் திரிந்தால் மத்தியானத்துக்குள் தெருமுனை வரை சேதி போய்விடும், திரிந்ததற்கான காரணத்தோடு. தம்பி மனைவி ஷூ வாங்கப் போகிறாள் என்றதும் கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டு வந்தவள், எதற்கென்று தெரிந்ததும் கொதித்துப் போயிருந்தாள்.

"என் தம்பி பொண்டாட்டி விடியறதுக்கு முன்னாடி சைக்கிள் மிதிச்சுக்கிட்டு வேலைக்குப் போறதா? தெரு என்ன பேசும்?"

"நீங்க பேசினாத்தானே அண்ணி தெரு பேசும்."

கடைக்காரர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் தம்பி மனைவிக்குப் புது வேலையில் முதல் நாள். என்ன வேலை என்று ரேடியோ குடைந்து குடைந்து கேட்டபோது, "உக்காந்தே செய்யற வேலைதான் அண்ணி" என்று மட்டும் சொல்லியிருந்தாள். மேஜையையும் ஃபேனையும் ரேடியோ கற்பனையில் தானாகவே போட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் தம்பி மனைவி வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. போன வருடம் பெட்ரோல் பங்க்கில் கிடைத்த வேலையை, அக்கா தம்பிக்குப் போட்ட ஒரே போன் முடித்து வைத்தது. தம்பி வெளியில் யாருக்கும் பயப்படாதவன்தான். அக்கா என்றால் மட்டும் போனிலேயே எழுந்து நிற்பான்.

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மெல்ல அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். பிறகு இடது காலை முழுசாக முன்னே தள்ளினாள்.

"அடி இன்னும் மெலிசா வேணுங்க. எவ்வளவு அழுத்தறோம்னு காலுக்குத் தெரியணும். வழுக்கவும் கூடாது."

"சைக்கிளுக்குத்தானேம்மா? மிதிச்சா ஓடுது."

"சைக்கிளுக்கும்தான்" என்றபடி அவள் அந்த ஷூவைக் கழற்றினாள்.

"என் தம்பியைக் கட்டிக்கறதுக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கலியே!" என்றாள் ரேடியோ.

"அதான் அண்ணி, இப்பவாவது யோசிக்கறேன்."

ரேடியோ அலமாரியிலிருந்து குதிகால் உயர்ந்த ஒரு ஜோடியை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"உக்காந்து வேலை பாக்கறவ இதைப் போட்டுக்கிட்டு கௌரவமா முதல் பஸ்ல போகணும். நானும் ஆஸ்பத்திரிக்கு அதுலதானே போறேன்? டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. நான் உக்காராம வண்டி நகராது, தெரியுமா?"

உண்மைதான். அந்த சீட்டிலிருந்து பார்த்தால் பிரேக், ஹாரன், டிரைவரின் தப்பு எல்லாமே நன்றாகத் தெரியும். ரேடியோ ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே வருவாள். பழைய டிரைவர் ஓய்வு பெற்ற அன்று வடித்தது ஆனந்தக் கண்ணீர் என்று கண்டக்டர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

"அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தா எனக்கு லேட்டாயிடும் அண்ணி. முதல் நாளே லேட்டானா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"போனாப் போகட்டும். இதோ பாரு, நாளைக்கு நான் ஏறும்போது நீ அந்த பஸ்ல இருக்கணும். இல்லேன்னா அங்கேயே நின்னு தம்பிக்குப் போன் போடுவேன். பெட்ரோல் பங்க் கதை ஞாபகம் இருக்கில்ல?"

அவள் சாம்பல் நிறத்தில் மெலிந்த அடியோடு இருந்த ஒரு ஜோடியை எடுத்து மாட்டினாள். பின்பக்கம் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. குதிகாலை ஊன்றி ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"சரி அண்ணி. நீங்க ஏறும்போது நான் பஸ்ல இருப்பேன்."

"அப்படி வா வழிக்கு! அப்போ இந்த ஷூ எதுக்கு?"

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "பெட்டி வேண்டாங்க. கால்லயே வரட்டும்."

மறுநாள் ரேடியோ பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டது. தெருவில் நாய்கூட எழுந்திருக்கவில்லை. மணி அடிக்க அவசியமே இல்லை. ஆனாலும் சரியாக அந்த ஜன்னலுக்கு நேராக இரண்டு தரம் அடித்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு மின்னும் பட்டைகள் மாறி மாறி ஏறி இறங்கிக் கடந்து போயின.

"ஏமாத்திட்டாளே!" என்று வாய் நிறைய நுரையோடு கத்தினாள் ரேடியோ.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் ஒலிபரப்பாகிவிட்டது. தம்பியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, விரலை மட்டும் அழுத்தாமல் நின்றாள்.

முதல் பஸ் வந்தது. நின்றபோது குலுங்கவே இல்லை. ஒரு சீட்டையும் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று ரேடியோ அன்றைக்குப் பின்படியில் ஏறினாள். கடைசி சீட்டிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே முன்னால் வந்தாள். அவள் இல்லை. இருக்க மாட்டாள் என்பதுதான் தெரியுமே! வழக்கமான சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, போனை அழுத்தக் குனிந்தாள்.

குனிந்த கண்ணில், பிரேக்கின் மேல் அழுந்தியிருந்த சாம்பல் நிற ஷூ பட்டது.

"சொன்ன மாதிரி பஸ்லதான் இருக்கேன் அண்ணி" என்று கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள் தம்பி மனைவி, கியரில் கையை வைத்தபடி. "உக்காருங்க. நீங்க உக்காராம வண்டி நகராதாமே!"