சுட்ட ஈரல்

"புள்ளத்தாச்சி அரைவேக்காட்டு ஈரல் திண்டா புள்ளைக்கு ஏதும் ஆகுமா, டொக்டர்?"

கல்முனை டொக்டரிடம் ஆசியா உம்மா கலக்கத்தோடு கேட்டாள். பக்கத்தில் புதுசாகக் கலியாணம் முடித்த அவளுடைய மகள் ஜுனைதா, முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள்.

"அரைவேக்காட்டு இறைச்சியால ஒரு கிருமி தொத்துது எண்டு இப்ப சந்தேகப்படுறாங்க," என்றார் டொக்டர். "அது முந்தியே வந்து போயிருந்தா பெரும்பாலும் பயமில்ல. வயித்தில புள்ள இருக்கக்க புதுசா வந்தாத்தான் சில புள்ளைகளுக்குக் கண்ணோ மூளையோ பழுதாகும்."

"யா அல்லாஹ்! ரத்தம் சோதிச்சா தெரியுமா?"

"தெரியும். ஆனா அந்தச் சோதனை இஞ்ச இல்ல. ஒருக்காத் திண்டதுக்குப் பயப்படாதீங்க. இனி நல்லா வேகவெச்சுத் திண்டாச் சரி."

ஆசியா உம்மாவுக்கு மூச்சு வந்தது. டொக்டர் ஜுனைதாவின் பக்கம் திரும்பினார்.

"வெக்கப்படாத மகள். இந்த வயசில நாக்க அடக்குறது கஷ்டந்தான்."

அதற்குமேல் ஜுனைதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நானும் நாக்க அடக்கத்தான் சொன்னன் டொக்டர். கேட்டாத்தானே! பெருநாளைக்கு அறுத்த குர்பான் மாட்டு ஈரல நெருப்பில காட்டின உடனே எடுத்து விழுங்கிட்டா."

"ஆரு?"

"உம்மாதான். முழுகாம இருக்கிறது அவதானே!"

டொக்டர் ஆசியா உம்மாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு வெளியே வாங்குப் பலகையில் இருந்த ஜுனைதாவின் கணவனை எட்டிப் பார்த்தார்.

"மருமகனுக்குத் தெரியுமா?"

"எந்த முகத்தோட நான் சொல்ற?" என்றாள் ஆசியா உம்மா. "நீங்களே சொல்லிடுங்க டொக்டர், அவருக்கு ஒரு மச்சினன் வரப்போறான் எண்டு."