பித்தளைக் குழல்

“மணந்து பார். பழப்புளி,” என்று குழலின் திருகுமரையை மூக்கடியில் நீட்டினான் கேதீஸ்வரன்.

மனைவி வசந்தினி மணந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரத்தில் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“உங்கட வேப்புக்கு அம்மா ஏன் புளி பூசப்போறா?”

“அதை அவவிட்டைக் கேள்.”

அவள் கேட்கவில்லை. தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேதீஸ்வரன் கராஜில் தன் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து குழலைத் திரும்பவும் கழற்றினான்.

சிகரெட்டுக்குப் பதிலாகப் புகை இழுக்கிற வேப் அது; இரண்டு விரல் தடிப்பில் ஒரு பித்தளைக் குழாய். உள்ளே ஒரு பற்றரி, அடியில் அழுத்துகிற பொத்தான், தலையில் கம்பிச்சுருளும் பஞ்சும். அவ்வளவுதான். கூட வேலை செய்கிற நவீன்ராஜ் அதைக் கையில் கொடுத்த நாளிலிருந்து, வருஷப்பிறப்புக்குப் பிறகு, அவன் ஒரு சிகரெட்டும் தொடவில்லை. பதினெட்டு வயதில் பிடித்த பழக்கம். தானே நம்பாத சங்கதி அது.

ஒரு மாதமாகத்தான் இந்தக் கரைச்சல். பற்றரியை மாற்றினான். கம்பியைப் புதிதாகச் சுற்றினான். பொத்தானுக்குக் கீழே இருந்த சுருள்வில்லை இழுத்துவிட்டான். மீற்றர் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தால் பற்றரி நிறைந்திருக்கிறது, ஆனால் இழுத்தால் நூல்போலத்தான் புகை. வெளிக்குளிரில் வாயைத் திறந்தாலே அதைவிடக் கூடப் புகை வரும். இன்று காலையோடு அதுவும் நின்றுபோனது.

நேற்று வேலை முடிந்து வரும்போது பெற்றோல் அடிக்க நிறுத்தியவன், ஒரு பெட்டி சிகரெட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அவன் காரில், கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்னும் உடைக்கவில்லை. இன்றைக்கும் குழல் சரிவராவிட்டால் உடைப்பான் என்பது அவனுக்கே தெரியும்.

வசந்தினியின் தாய் கனகேஸ்வரி மாமிக்கு முதல்நாளே அது பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தச் சனியனைக் கையாலும் தொடமாட்டேன் என்றார். அவனைக் கராஜுக்கு அனுப்பியவரும் அவர்தான். வீட்டுக்கு யாராவது வந்து மருமகன் எங்கே என்று கேட்டால், “கிருஷ்ண பரமாத்மா பின்னால நிண்டு குழல் ஊதுறார்,” என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். மாமி சிரிப்பதில்லை. சாமியறையில் மாலை போட்ட படத்தில் இருக்கிற மாமா, சிகரெட்டால் நெஞ்சுச்சளியில் தொடங்கி, சுவாசப்பை வருத்தத்தோடு போய்ச் சேர்ந்தவர்.

இதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் மாமி வாசலில் சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் கட்டோடு வீட்டில் இருக்கத் தொடங்கியதும் இந்த மாதத்தில்தான். நேற்றிரவு கராஜ் பக்கத்திலிருந்து சேலைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தவரை அவன் தன் கண்ணால் கண்டான்.

இப்போது மரைக்குள் புளி.

கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு முன் சாமான் தேறுமா என்று தெரிந்துகொள்ள நவீன்ராஜுக்குப் போன் அடித்தான்.

“புளி பட்டா இது பழுதாப் போகுமோ?”

“ஏன் ப்ரோ பழுதாகுது? நானே புளி போட்டுத்தான் வெளக்குறேன்,” என்றான் நவீன்ராஜ். “வெளக்கிட்டு நல்லாக் கழுவிக் காய வைக்கணும். புளி உள்ள தங்கிச்சுன்னா படுத்துரும். நீங்க எதைப் போட்டுத் தொடைக்கிறீங்க?”

“நான் ஒருநாளும் துடைச்சதில்லை.”



“அது பித்தளை ப்ரோ. வாரத்துக்கு ஒருக்கா கழட்டித் தேய்க்கலன்னா மரையெல்லாம் கறுத்துப் போகும். அப்புறம் கரண்டு எப்படிப் போகும்? இத்தனை மாசம் எப்படி ஓட்டுனீங்க?”

கேதீஸ்வரன் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

சாமியறையில் மாமாவின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கைக் காணவில்லை. மாமி குசினியில் அடுப்புக்கு முன்னால் நிலத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார். விளக்கை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் அதன் தண்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. விளக்கும் ஒரு மாதமாய்க் கறுத்துப் போயிருந்தது. அதை அவன் இன்றுதான் கண்டான்.

கீழே உட்கார்ந்து விளக்கை வாங்கித் திருகினான். தண்டு கழன்று வந்தது. குழலின் மரையைப் போலவே அதுவும் கறுத்திருந்தது.

மாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“முந்தியெண்டா வெள்ளிக்கிழமைகளில உங்கட குழலையும் விளக்கோட சேர்த்து ஒரே இழுவையில முடிச்சுப்போடுவன். விழுந்து கை ஏலாமப் போனாப்போல விட்டிட்டன்,” என்றார். “நேற்று உங்கட காருக்குள்ள அந்தப் பெட்டியைக் கண்டனான் தம்பி. மனம் கேக்கேல்லை, குழலை எடுத்துத் தேய்ச்சன். ஒத்தைக் கையால வடிவாக் கழுவ வரேல்லை.”

அவன் விளக்கின் துண்டுகளைப் பேப்பரில் ஒவ்வொன்றாக வைத்தான்.

மாமி புளிச் சட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

“அதையும் கழட்டிக்கொண்டு வாங்கோ. இந்தப் புளி ரெண்டுக்கும் காணும்.”