மேனேஜருக்கு மட்டும் கிடைக்காத சல்யூட்

"வர்ற காருக்கெல்லாம் பட்டாளத்துக்காரன் மாதிரி வெறப்பா சல்யூட் அடிக்கிறீங்க. புது மேனேஜரம்மாவுக்கு மட்டும் கை தூக்க வலிக்குதோ?"

கொடைக்கானலில் ரிசார்ட் நடத்தும் சுவாமிநாதன் கேட்டதும், வாட்ச்மேன் பழனிக்குமார் தலையைச் சொறிந்தார்.

"பட்டாளத்துல தொப்பி இல்லாம சல்யூட் அடிக்கக் கூடாதாம்ங்க."

"டூரிஸ்ட் வந்தா மட்டும் தொப்பி தானா மொளைச்சிருதாக்கும்?"

"சல்யூட் வாங்குனவங்களும் திருப்பி சல்யூட் வைக்கணுமாம்ங்க. அந்தம்மா வைக்கிறதில்லையே."

"நான் என்னைக்கு வச்சேன்? எனக்குத் தெனமும் அடிக்கிறீங்கள்ல? பொம்பள மேனேஜர்னா மனசு வரல, அதச் சொல்லுங்க. இப்ப அவங்கள வரச் சொல்றேன். என் முன்னால ஒண்ணு அடிங்க. இல்லன்னா வேற எடத்துல சோலி பாத்துக்கங்க."

"சரிங்க, பாத்துக்கிறேங்க."

மேனேஜர் மணிமேகலை உள்ளே வந்தார். பழனிக்குமார் விறைப்பாக நின்று சுவரைப் பார்த்தார். கை மட்டும் எழவே இல்லை.

"இவரு கணக்க முடிச்சு அனுப்பிருங்கம்மா" என்றார் சுவாமிநாதன்.

"வேண்டாம் சார். வேலைய விட்டு நிறுத்திறாதீங்க."

"உங்கள மதிக்காத ஆளுக்கு நீங்களே சிபாரிசா? பெரிய மனசும்மா உங்களுக்கு."

"பெரிய மனசெல்லாம் இல்லைங்க சார். என் வீட்டுக்காரரும் ரிசார்ட்லதான் வேலை பாக்குறாருன்னு இன்டர்வியூல சொன்னேன்ல? அது இவருதான். இங்கயாவது வர்றவங்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறாரு. நீங்க அனுப்பிட்டீங்கன்னா, நாள் முழுக்க வீட்டுல உக்காந்துக்கிட்டு என்னைய அவருக்கு சல்யூட் அடிக்கச் சொல்லுவாரு."