ஒரே ஆண்

தேக்கிலையில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சி முட்டைகள் கறுத்துப்போயிருந்தன. உள்ளே கருவைத் தின்று வளர்வது குளவி. எந்தக் குளவி என்று பூச்சி ஆய்வாளர் தமயந்தி பெயர் சொன்னால்தான் நாளை காட்டில் மருந்தடிப்பதை நிறுத்துவார்கள். அடித்தால் அந்துப்பூச்சியோடு குளவிகளும் சாகும். ஆணின் உறுப்பை வைத்துத்தான் இனம் தெரியும் என்பதால், பெயர் சொல்ல ஓர் ஆணைக் கொன்று பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிவந்திருந்ததோ ஒரே ஆண். மணல்துகளைவிடச் சிறிய அது பறந்து போகாமல், திறக்காத முட்டைகளின் மேல் பெண்களுக்காகக் காத்து நின்றது.

“எடுங்க மேடம், இதுங்க இனத்தக் காப்பாத்தத்தான?” என்றார் இலையைக் கொண்டுவந்த வனக்காவலர் மாசிலாமணி.

ஈரத் தூரிகையால் தொட்டாள். அது முட்டையை இறுகப் பற்றிக்கொண்டது. மறுபடி தொட்டதும் வந்துவிட்டது. குப்பியிலிருந்த எரிசாராயத்தில் இரண்டு உதை உதைத்து அடங்கியது.

பிரித்துப் பார்த்து, பெயரைச் சொன்னாள்.

“பேரு கெடச்சிருச்சு சார், மருந்த நிறுத்துங்க!” போனில் கத்திக்கொண்டே மாசிலாமணி வெளியே ஓடினார்.

தமயந்தி மீண்டும் இலையை லென்சுக்கடியில் வைத்தாள். ஒரு முட்டையில் ஓட்டை விழுந்திருந்தது. வெளியே வந்திருந்த பெண் பறந்து போகவில்லை. முன்பு ஆண் காத்து நின்ற அதே இடத்தில் அது நின்றுகொண்டிருந்தது.