குவித்த கை

மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று மருமகனை வெட்டிக் கொன்ற வீரபாகுவுக்குத் தூக்குதான் என்று கோர்ட்டே பேசிக்கொண்டது. செத்தவனின் தாய் பவுனம்மாதான், "அவரத் தூக்குல போட்றாதீங்கய்யா, எம் மருமகளுக்கு அப்பனும் இல்லாமப் போயிரும்" என்று நீதிபதியைக் கும்பிட்டாள்.

ஆயுள் தண்டனையோடு வராந்தாவுக்கு வந்தவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பவுனம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் அதைத் தொடாமல், ஊற்றச் சொல்லி விலங்கு மாட்டிய கைகளைக் குவித்தார். அவர் வீட்டு வாசலில் காலமெல்லாம் அவள் அப்படித்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாள்.

அவள் ஊற்றவில்லை.

"வாங்கி, வாய் வச்சுக் குடிங்க சம்பந்தி."

விக்கல் சட்டென்று நின்றுவிட்டது. குவித்த கையை அவர் இறக்கவில்லை. நீட்டிய கையை அவளும் மடக்கவில்லை.