நாற்பத்தோராவது கட்டம்

புதிய சாலை வரவிருந்த காட்டில் மெரினும் டார்சியும் தரையில் நாற்பது சதுரக் கட்டங்கள் அளந்து செடிகளை எண்ணியிருந்தார்கள். கணக்கிடும் மென்பொருள் நாற்பத்தொன்று என்றது. கூடுதல் கட்டத்தில் ஒரே பதிவு: சிலந்தி ஆர்க்கிட், பதினொரு செடிகள். எண்ணியவர் ஹெட்டி. தேதி, அன்றைய தேதி.

அவர்களோடு வேலை செய்து, இருபது வருடம் அந்த அரிய ஆர்க்கிட்டைத் தேடிய ஹெட்டி ஜூன் மாதமே இறந்துபோயிருந்தாள்.

"பழைய ஃபைல் ஏதாவது கலந்திருக்கும், அழிச்சிடு. வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கணும்," என்றான் டார்சி.

"அந்தச் செடி இருந்தா சட்டப்படி இந்த வழியா ரோடு போட முடியாதுப்பா. வா, ஒரு நடை பாத்துட்டு வந்துடலாம்."

"ஹெட்டியோட பிடிவாதம் உனக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு," என்றபடி அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

மென்பொருள் காட்டிய இடத்தில், சவுக்கு மரங்களின் அடியில், பதினொரு செடிகளும் பூத்து நின்றன. டார்சி இரண்டு முறை எண்ணிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். இனி சாலை இந்தப் பக்கம் வராது.

"ரொம்ப நன்றி, ஹெட்டி," என்றாள் மெரின், பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல.

காலை மழையில் மண் ஊறிக் கிடந்தது. வந்த வழியில் அவர்கள் இருவரின் காலடிகள் மட்டுமே பதிந்திருந்தன. பூக்களுக்கு முன்னால், யாரோ மண்டியிட்டு எழுந்த இரண்டு குழிகளில், தண்ணீர் மெல்லச் சுரந்துகொண்டிருந்தது.